ரயிலடி வீடு – 9: மிக்சி ஓடும் நேரம்

பாப்பாவுக்கு நாற்பத்திரண்டு வயது. வெளியூரில் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள். ஆனாலும் பிறந்த வீடு, புகுந்த வீடு, வேலை செய்யும் இடம், காய்கறிக் கடை என்று எல்லா இடத்திலும் அவள் பாப்பாதான். அந்தச் செல்லப் பெயரை நம்பி அவளிடம் ஓட்டைச் சாமானைத் தள்ளிவிடலாம் என்று நினைத்தவர்கள் யாரும் உருப்பட்டதில்லை.

சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் செக்கர். தைத்து வருகிற சட்டைகளை விளக்குக்குக் கீழே விரித்துப் போட்டு, எங்கே தையல் விட்டிருக்கிறது, எங்கே காலர் கோணியிருக்கிறது என்று பார்த்து, அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டுவாள். நல்ல சட்டையை அவள் கண்டுகொள்வதே இல்லை. குறைக்குத்தான் சம்பளம்.

அப்பேர்ப்பட்டவளுக்குத்தான் போன வாரம் அந்த ரயிலடி வீட்டைக் காட்டினார் அவள் கணவர்.

வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லி வீட்டுக்காரர் நச்சரித்துக்கொண்டிருந்த நேரம். ஓய்வு பெற்ற பல் டாக்டரம்மா ஒருவர் மகனோடு போய் இருக்கப் போவதால் தன் வீட்டை விற்கிறார் என்று தகவல் வந்தது. போய்ப் பார்த்தார்கள். காற்றோட்டமான மூன்று அறை, விசாலமான சமையலறை, பின்னால் ஒரு எலுமிச்சை மரம். மரத்தைத் தாண்டி மதில். மதிலைத் தாண்டி ஒற்றையடிப் பாதை. பாதையைத் தாண்டினால் தண்டவாளம்.

"சத்தம் எப்படி?" என்று பாப்பா கேட்டாள்.

"பழகிடும்மா," என்றார் டாக்டரம்மா, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டே.

"சத்தமா? பெருசா ஒண்ணும் தெரியலையே," என்றார் கணவர்.

அங்கேதான் பாப்பாவுக்குச் சுருக்கென்றது.

அவர் கார் மெக்கானிக். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று காதால் கண்டுபிடிக்கிறவர் என்று ஊரெல்லாம் பேர். அந்த மனுஷர், வீட்டுக்குப் பின்னாலேயே ரயில் ஓடும்போது, சத்தம் ஒன்றும் தெரியவில்லை என்கிறார். பிளாஸ்டிக் வாளி வாங்கினால்கூட நாலு தடவை தட்டிப் பார்க்கிற ஆள், வீட்டை மட்டும் பார்த்த மாத்திரத்தில் "முடிச்சுரலாம்" என்கிறார்.

பொய் சொல்கிறார். அதில் பாப்பாவுக்குச் சந்தேகமே இல்லை. ஏன் சொல்கிறார் என்பதுதான் தெரியவில்லை.

அது தெரியாமல் அவள் இந்த ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலையிலும் அதேதான். சமையலறையில் நின்று மதியச் சாப்பாட்டை டப்பாவில் அடைத்துக்கொண்டே ஹாலைப் பார்த்தாள். கணவர் ஒரு நாற்காலியில், அவருடைய தங்கை எதிர் நாற்காலியில். இரண்டு பேர் கையிலும் போன். தங்கை எதையோ தட்டினாள். உடனே அண்ணன் போன் ஒளிர்ந்தது. அவர் படித்தார். திருப்பித் தட்டினார். இப்போது தங்கையின் போன் ஒளிர்ந்தது.

கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மெசேஜ்!

தங்கைக்கு வீட்டில் குட்டி என்று பேர். மருந்துக் கடையில் வேலை. கட்டிக் கொடுத்த இடம் சரிப்படாமல் இவர்களோடு வந்து இருக்கிறாள். பாப்பாவுக்கும் அவளுக்கும் இதுவரை ஒரு பேச்சு வந்ததில்லை. இப்போதும் வரவில்லை. பேச்சே இல்லாமல்தானே எல்லாம் நடக்கிறது!

"என்னங்க, இன்னைக்குப் பட்டறைக்குத்தானே?" என்று சமையலறையிலிருந்தே கேட்டாள் பாப்பா.

பதில் இல்லை.

"உங்களைத்தான்!"

குட்டி விரலால் மேஜையைத் தட்டினாள். அவர் நிமிர்ந்தார். "அண்ணி கேக்கறாங்க. பட்டறைக்குத்தானே போறன்னு," என்றாள் குட்டி, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தி.

"ஆமா ஆமா. பட்டறைக்குத்தான். வேற எங்க போகப் போறேன்?" என்றார் அவசரமாக.

பாடம் சொல்லிக் கொடுத்து ஒப்பித்த மாதிரி இருந்தது.

பாப்பா டப்பாவை மூடினாள். மனசுக்குள் ஒரு கணக்கு ஓடியது. வீடு வாங்குவது அண்ணன் யோசனை இல்லை, தங்கை யோசனை. நாளைக்கு அந்த வீடு யார் பேரில் இருக்கும் என்று கேட்டால் இரண்டு பேரும் சேர்ந்து முழிப்பார்கள். போன் வந்தால் எடுக்காமல் கட் பண்ணுவது, பிறகு தனியாகப் போய் மெசேஜ் அனுப்புவது, டிவி பார்த்தாலும் பேச்சைக் கவனிக்காமல் கீழே ஓடும் எழுத்தையே வெறித்துக்கொண்டிருப்பது... எல்லாம் ஏதோ ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு நடமாடுகிற ஆளின் லட்சணம்.

'இருக்கட்டும். நானும் பாக்கறேன்.'

பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். கம்பெனிக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. சூப்பர்வைசருக்குப் போன் போட்டுத் தலைவலி என்று சொல்லிவிட்டு, எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறினாள்.

அவள் திட்டம் எளிமையானது. போன வாரம் போனது ஞாயிற்றுக்கிழமை, அதுவும் சொல்லிவிட்டுப் போனது. சொல்லிவிட்டுப் போனால் எந்த வீடும் பவுடர் பூசிக்கொண்டுதான் நிற்கும். வேலை நாளில், காலை நெரிசலில், சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால்தான் வண்டவாளம் தெரியும்.

பஸ்ஸைவிட்டு இறங்கி, சைக்கிள் கடையைத் தாண்டி, அந்தத் தெருவுக்குள் நுழைந்தாள். தெரு நன்றாகத்தான் இருந்தது. துணி காய்ந்தது. யாரோ வாசல் குழாயைத் திறந்துவிட்டு மறந்திருந்தார்கள். சுவர்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ரயில் பக்கத்து வீடுகளில் விரிசல் இருக்கும் என்று கம்பெனியில் ஒருத்தி சொல்லியிருந்தாள். இரண்டு வீட்டில் இருந்தது. மனசுக்குள் ஸ்டிக்கர் ஒட்டினாள்.

டாக்டரம்மா வீட்டு கேட்டுக்கு முன்னால் வந்ததும் கால் நின்றுவிட்டது.

வாசலில் ஒரு பைக் நின்றிருந்தது. சீட்டில் டேப் ஒட்டிய பைக். அவள் கையாலேயே ஒட்டிய டேப்.

பட்டறைக்குத்தானே போனார்?

படிக்கட்டைப் பார்த்தாள். பெரிய செருப்புக்குப் பக்கத்தில் நீலப் பட்டி வைத்த சின்னச் செருப்பு. குட்டியுடையது. மருந்துக் கடை திறந்திருக்கும் நேரத்தில் குட்டிக்கு இங்கே என்ன வேலை?

பாப்பா கேட்டைத் திறக்கவில்லை. ஜன்னல் ஓரமாக மதிலை ஒட்டி நின்றுகொண்டாள். ஒட்டுக்கேட்பது அவளுக்குப் பிடிக்காத காரியம். ஆனால் இங்கே காதைத் தீட்டவே வேண்டியிருக்கவில்லை. உள்ளே குட்டி அடித் தொண்டையிலிருந்து கத்திப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா! நான் சொல்றதைக் கேளு! இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது! இன்னைக்கே முடிச்சாகணும்!"

"பாப்பாவுக்குத் தெரிஞ்சா?" இது கணவர் குரல்.

"அண்ணிக்கு இப்போ ஒண்ணும் தெரிய வேணாம்! முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்!"

"டாக்டரம்மா, நீங்களும் அவ கிட்ட..."

தரை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி கிடுகிடுவென்று ஆடியது. வீட்டுக்குப் பின்னால் ஒரு ரயில் ஊரையே இழுத்துக்கொண்டு போவதுபோலப் போயிற்று. அது போய் முடிகிறவரை உள்ளே மூன்று பேர் என்ன பேசினார்கள் என்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

ரகசியத்தை ஏன் இப்படிக் கத்திப் பேசுகிறார்கள் என்று ஒரு நொடி தோன்றியது. இந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் பேசியாக வேண்டும்போல என்று அவளே பதில் சொல்லிக்கொண்டாள்.

இனி நிற்பதில் அர்த்தமில்லை. கேட்டைத் தள்ளித் திறந்து நேராக உள்ளே போனாள்.

குட்டிதான் முதலில் பார்த்தாள். முகம் செத்துவிட்டது. "அண்ணி!"

டாக்டரம்மா எழுந்தார். "வாம்மா வாம்மா! இப்பத்தான் உன்னைப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தோம்."

"கேட்டுச்சு," என்றாள் பாப்பா. "தெருவுக்கே கேட்டுச்சு."

கணவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் கண் அவள் முகத்தில் அங்கும் இங்கும் தேடியது. எதையோ படிக்கப் பார்க்கிற மாதிரி. திருட்டு முழி என்று பாப்பா நினைத்தாள்.

"இதான் பட்டறையா? உங்க வண்டியெல்லாம் எங்க, சோபாவுக்கு அடியிலயா?"

"பாப்பா, வந்து..."

"யார் பேர்ல வாங்கப் போறீங்க? அதை மட்டும் சொல்லுங்க. எனக்குத் தெரியாம இன்னைக்கே எதை முடிக்கப் போறீங்க?"

"பேர்லயா?" குட்டி திகைத்தாள். "அண்ணி, நீங்க என்ன நெனச்சுக்கிட்டு..."

"நீ சும்மா இரு குட்டி. ஒரே வீட்டுக்குள்ள உக்காந்துக்கிட்டு அண்ணனுக்கு மெசேஜ் அனுப்புறவ நீ. இப்ப மட்டும் வாயால பேசாத."

டாக்டரம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "எல்லாரும் கொஞ்சம் உக்காருங்க. நான் ஜூஸ் போட்டுக் கொண்டாறேன்," என்று சமையலறைக்கு விரைந்தார். அடுத்த நொடி மிக்சி அலறியது.

போன ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் நடுப்பேச்சில் எழுந்து போய் மிக்சியைப் போட்டார். அன்றைக்கும் இரண்டு தடவை. பாப்பாவுக்கு இப்போது புரிந்தது. ரயில் வருகிற நேரம் பார்த்து மிக்சி ஓடுகிறது! வீடு விற்கிற வித்தை!

"பாத்தீங்களா? சத்தத்தை மறைக்கச் சத்தம்! இதுவும் உங்களுக்குத் தெரியும், தெரிஞ்சே எனக்குச் சொல்லல, அப்படித்தானே?"

 கோபம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் எழுந்து வெளியே போய்விடுவது அவர் வழக்கம். எழுந்தார். அவளைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனார். எலுமிச்சை மரத்தைத் தாண்டினார். மதிலில் இருந்த சின்னக் கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்.

"பதில் சொல்லிட்டுப் போங்க!" பாப்பா பின்னாலேயே போனாள்.

மதிலுக்கு வெளியே ஒற்றையடிப் பாதை. அந்தத் தெருக்காரர்கள் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டித்தான் பெரிய ரோட்டுக்குப் போவார்கள்போல. கல்லெல்லாம் மிதிபட்டு வழி விழுந்திருந்தது. அவர் அந்த வழியில் தலையைக் குனிந்துகொண்டு நடந்துகொண்டிருந்தார்.

ஹாரன் கேட்டது.

பாப்பா திரும்பினாள். வளைவிலிருந்து ரயில் வெளியே வந்துகொண்டிருந்தது. மறுபடியும் ஹாரன், இந்த முறை நீளமாக, கெஞ்சுகிற மாதிரி. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு கிழவர் இரண்டு கையையும் ஆட்டினார்.

கணவர் நடந்துகொண்டே இருந்தார். முதல் தண்டவாளத்தின் மேல் கால் வைத்தார்.

"என்னங்க! நில்லுங்க! என்னங்க!"

அவள் தொண்டை கிழிந்தது. அவர் தலையைக்கூடத் திருப்பவில்லை. தற்கொலை என்ற எண்ணம் அவள் மண்டைக்குள் அறைந்தது. இதற்காகவா, ஒரு வீட்டுக்காகவா?

பின்னாலிருந்து குட்டியின் அலறல். "கத்தாதீங்க அண்ணி! அண்ணனுக்குக் கேக்காது! கேக்காது!"

பாப்பா யோசிக்கவில்லை. தோளிலிருந்த பையைக் கழற்றி, உடம்பில் இருந்த பலமெல்லாம் சேர்த்து வீசினாள். பை அவர் முதுகில் போய் மோதியது. சாப்பாட்டு டப்பா தெறித்துக் கல்லில் உருண்டது.

அவர் கடுப்போடு திரும்பினார். அவள் முகத்தைப் பார்த்தார். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, ரயில் எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட நிற்கவில்லை. ஒரே பாய்ச்சலாகப் பின்னால் பாய்ந்து பாதையில் விழுந்தார்.

ரயில் போயிற்று. பெட்டி பெட்டியாக, முடிவே இல்லாததுபோல.

பாப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் மிக்சி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. அழுகை வந்தது. திட்டு வந்தது. எல்லாம் ஒரு சுற்று ஓய்ந்த பிறகு டாக்டரம்மாதான் பேசினார்.

"முதல் நாளே எனக்குச் சந்தேகம்மா. நான் பேசும்போதெல்லாம் இவர் என் வாயையே பாத்தார். காலமெல்லாம் நான்தான் மத்தவங்க வாயைப் பாத்திருக்கேன். என் வாயை ஒருத்தர் அப்படிப் பாத்தா எனக்குத் தெரியாதா? கூட வந்திருந்த உன் நாத்தனாரைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். அழுதுட்டா. எனக்குத் தெரிஞ்ச காது டாக்டர் ஒருத்தர் இருக்கார். இன்னைக்கு வரச் சொல்லியிருக்கார். அதைத்தான் முடிக்கணும்னு பேசிக்கிட்டு இருந்தோம்."

"அண்ணன்தான் சத்தியம் வாங்கினான் அண்ணி," என்றாள் குட்டி, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சொட்டு மருந்து கேட்டுக் கடைக்கு வந்தான். அப்பத்தான் எனக்கே தெரியும்."

பாப்பா குட்டியைப் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் மேல் ஒட்டிய ஸ்டிக்கரையெல்லாம் எப்படி உரிப்பது என்று தெரியவில்லை. அவள் தோளை ஒரு தடவை அழுத்திவிட்டு டாக்டரம்மா பக்கம் திரும்பினாள்.

"நல்லதுதான் பண்ணியிருக்கீங்க டாக்டரம்மா. கால்ல விழுந்து கும்பிடணும். அப்போ மிக்சி?"

டாக்டரம்மா புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டார். "வீட்டை விக்கணுமேம்மா," என்றார் சின்னக் குரலில். பிறகு, விட்டுக்கொடுக்க மனசில்லாமல், "இன்னொரு பார்ட்டியும் கேட்டுக்கிட்டு இருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரு பதில் சொல்லிடு," என்றார்.

அந்த இன்னொரு பார்ட்டியைப் பாப்பா நம்பவில்லை. ஆனால் சண்டை போடத் தெம்பும் இல்லை.

அதற்குள் கணவர் மறுபடியும் எழுந்து போய்விட்டிருந்தார்.

பாதை வழியாகக் கொஞ்ச தூரத்தில் ஒரு சின்ன ரயில் நிலையம் இருந்தது. நிற்கிற ரயிலைவிட நிற்காமல் போகிற ரயில்தான் அங்கே அதிகம். பிளாட்பாரத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் சிராய்ப்பு. வழியில் கிடந்த பையை எடுத்து மாட்டிக்கொண்டு பாப்பா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நாளா?" என்றாள் தண்டவாளத்தைப் பார்த்தபடி.

அவர் பேசவில்லை.

அவளுக்குக் கோபம் பொங்கியது. பிறகு சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு, அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி உட்கார்ந்தாள். "எவ்வளவு நாளா?"

"போன மழைக்காலத்துல இருந்து," என்றார். "முதல்ல இடது காது. சளின்னு நெனச்சேன். அப்புறம் ரெண்டும். நீ பேசறது கேக்குது பாப்பா. ஆனா கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு. பக்கத்துல, முகத்தைப் பாத்தா புரியுது. திரும்பிக்கிட்டா போச்சு. ரயில் போனாத் தரை அதிர்றது காலுக்குத் தெரியுது. தூரத்துல வர்ற ஹாரன்தான்... அது சுத்தமா இல்ல."

"என் கிட்ட ஏன் சொல்லல? குட்டிக்குத் தெரியும், டாக்டரம்மாவுக்குத் தெரியும். கட்டின எனக்கு மட்டும் தெரியக் கூடாதா?"

"உன் கிட்ட எப்படிச் சொல்றது?" அவர் குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது, அவருக்கே தெரியவில்லை. எதிர்ப் பிளாட்பாரத்தில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "உன் கண்ணுல ஒரு குறை பட்டா அப்புறம் நீ சட்டையைப் பாக்க மாட்ட பாப்பா. குறையைத்தான் பாப்ப. என்னையும் அப்படிப் பாத்துருவியோன்னு பயமா இருந்துச்சு."

  இருபது வருஷக் குடித்தனத்தில் அவளைப் பற்றி யாரும் இவ்வளவு சின்ன வாக்கியத்தில் இவ்வளவு பெரிய விஷயம் சொன்னதில்லை. மறுத்துப் பேச ஒரு சொல்கூடக் கிடைக்காததுதான் வலித்தது.

"சரி. அப்புறம் எதுக்கு இந்த வீடு?" என்றாள். "காது கேக்காத ஆளுக்கு ரயில் பக்கத்துல வீடா? சாகறதுக்கா?"

அவர் சிராய்ப்பில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினார்.

"அன்னைக்கு அந்த வீட்டுல உக்காந்திருந்தோம்ல. மிக்சி ஓடாதப்ப ஒரு ரயில் போச்சு. நீ டாக்டரம்மாவைப் பாத்து 'என்னது?'ன்னு கேட்ட. அவங்க உன்னைப் பாத்து 'என்னது?'ன்னு கேட்டாங்க. எல்லாரும் எல்லாத்தையும் ரெண்டு தடவை சொன்னீங்க. சத்தமா, முகத்தைப் பாத்து. யாரும் யாரையும் தப்பா நெனைக்கல." முழங்கையை ஊதிக்கொண்டார். "இந்த வீட்டுல நான் 'என்னது?'ன்னு கேட்டா யாருக்கும் வித்தியாசமாத் தெரியாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

பாப்பாவுக்குக் கண் கரித்தது. சுவரில் விரிசல், கதவில் கரையான், பத்திரத்தில் வில்லங்கம், தங்கை பேரில் சொத்து என்று என்னவெல்லாமோ தேடினாள். ஒரு மனுஷன் ஒளிந்துகொள்ள இடம் தேடியிருக்கிறான் என்று மட்டும் தோன்றவே இல்லை.

அவர் கையைப் பிடித்தாள். கிரீஸ் போகாத நகம்.

"இங்க பாருங்க. இந்த வீடு வேணாம்," என்றாள் நிதானமாக, உதடு தெரியும்படி. "நீங்க 'என்னது?'ன்னு நூறு தடவை கேளுங்க. நான் நூறு தடவை சொல்றேன். எரிச்சல் வரும், திட்டவும் செய்வேன், ஆனா சொல்லுவேன். அதுக்கு ரயில் தேவையில்ல. இப்ப நேரா காது டாக்டர் கிட்ட போறோம். புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது," என்றார். பிறகு தயங்கி, "பட்டறைல யாருக்கும் தெரியாது பாப்பா. தெரிஞ்சா என் கிட்ட எவன் வண்டி விடுவான்? நான் காதை வெச்சுத்தானே பொழைச்சேன். என்னால ஒரு வண்டிக்கு ஏதாவது ஆச்சுன்னா... அதை நெனச்சாத்தான் தூக்கம் வரல."

"ஒண்ணும் ஆகாது," என்றாள் பாப்பா.

அவள் போன் அடித்தது. பட்டறையில் கணவரோடு கூட்டுச் சேர்ந்து தொழில் பண்ணுகிறவர். பாப்பாவை அக்கா என்று கூப்பிடுகிறவர். கணவரிடம் ஏதோ வேலை விஷயமாக இருக்கும் என்று எடுத்தாள்.

"அக்கா, அண்ணன் போனை எடுக்க மாட்டேங்கறார். உங்க பக்கத்துல இருக்காரா?"

"இருக்கார். ஏன்?"

கூட்டாளி பதில் சொல்வதற்குள் நிற்காத ரயில் ஒன்று பிளாட்பாரத்தைக் கிழித்துக்கொண்டு போயிற்று. தூசி பறந்தது. பாப்பா ஒரு காதைப் பொத்திக்கொண்டு தலையைக் குனிந்தாள். கடைசிப் பெட்டியும் போனது. பிளாட்பாரம் ஓய்ந்தது.

"ஹலோ? இப்ப சொல்லுங்க தம்பி. என்ன?"

"அக்கா, அவர் கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல." கூட்டாளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நேத்து ஒரு வெள்ளை வண்டி வந்துச்சு. முன் சக்கரத்துல கறகறன்னு சத்தம் வருதுன்னு ஓட்டிக்கிட்டு வந்த பொம்பளை சொன்னாங்க. அண்ணன் ஓட்டிப் பாத்துட்டு, சத்தமே இல்லம்மா, தைரியமா எடுத்துக்கிட்டுப் போங்கன்னு அனுப்பிட்டார். இப்ப மேம்பாலத்துல அந்தச் சக்கரம் கழண்டுருச்சுக்கா. ஆஸ்பத்திரில இருக்காங்க. நெனவு இல்லங்கறாங்க. அவங்க ஆளுங்க இங்க வந்து நிக்கறாங்க. மெக்கானிக் எங்கன்னு கேக்கறாங்க."

பாப்பா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அக்கா? இருக்கீங்களா? அவரை இப்ப இங்க வர விடாதீங்க. ஆனா சொல்லிடுங்க."

"ம்," என்றாள். போனை வைத்தாள்.

கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து முதல்முறையாக அவர் முகத்தில் ஒரு லேசான நிம்மதி வந்திருந்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லி இறக்கி வைத்த ஆளின் முகம்.

"யாரு? பட்டறையிலயா? என்ன சொல்றார்?"

தப்பு எங்கே என்று விரல் வைத்துக் காட்டுவதற்கே பிறந்தவள் பாப்பா. ஒரு நூல் பிரிந்திருந்தாலும் மறைத்து அனுப்பியதில்லை. அவர் கண்ணைப் பார்த்தாள். கையிலிருந்த போனைப் பைக்குள் போட்டாள். நெரிந்துபோயிருந்த அந்தப் பையின் வாயை மூடினாள்.

"என்னமோ சொன்னார். ரயில் சத்தத்துல ஒண்ணுமே காதுல விழல," என்றாள். "அப்புறம் பேசறேன்னுட்டார். வாங்க, டாக்டர் கிட்ட நேரமாச்சு."

அவர் எழுந்திருக்கவில்லை. காலியாகக் கிடந்த தண்டவாளத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். இத்தனை நாளும் அவள் அவரைப் பார்த்த அதே சந்தேகப் பார்வை.

"ரயில் அப்பவே போயிருச்சே பாப்பா," என்றார்.